காற்றில்லாமலும் ஓடும் டயர்

டயர் கடையில் எல்லோரும் அவனைப் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். சக்கரத்தை இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, எந்தப் பக்கம் எடை குறைகிறது என்று பார்த்து ஈயத் துண்டு ஒட்டுவது அவன் வேலை. நாள் முழுக்கச் சுழல்வதையே பார்த்துக்கொண்டு நின்றதில் முகத்தில் ஒரு மயக்கம் தங்கிவிட்டது. பேச்சின் நடுவே எங்கேயோ போய்விடுவான். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்வான் என்பதால் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அவனிடம் வேகமான கார் ஒன்று இருந்தது. இரண்டே கதவு, தரையோடு படுத்த உடம்பு. எங்கோ மோதி நசுங்கிக் கிடந்ததை மச்சானோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எழுப்பி நிறுத்தியிருந்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வழியில் நின்றுபோன வண்டிகளை லாரியில் இழுத்து வருபவன்.

அந்தக் காரில் ரன்-ஃபிளாட் டயர்கள் இருந்தன. பக்கச் சுவர் தடித்தவை. காற்று முழுக்க இறங்கிப்போனாலும் அந்தச் சுவரே வண்டியைத் தாங்கிக்கொள்ளும். வேகத்தைக் குறைத்து மெதுவாக வீடு வந்து சேரலாம். ஸ்டெப்னி வேண்டாம். அந்தக் காரில் ஸ்டெப்னிக்கு இடமும் இல்லை; டிக்கியின் அடியில் பாட்டரி உட்கார்ந்திருந்தது. கடைக்கு வருபவர்களிடம் பம்பரம் இந்த டயரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மயக்கம் தெளிந்துவிடும். “வளைவுல ஸ்டியரிங்கைத் தொட்டாப் போதும், நீங்க நினைச்ச இடத்துல மூக்கை நுழைக்கும்” என்பான். ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் ஒட்ட முடியாது, புதிதுதான் போட வேண்டும் என்பதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்வான்.

அவன் மனைவி பல வருடங்கள் காதில் ஹெட்போனோடு அவசர உதவி எண்ணில் இரவு வேலை பார்த்தவள். வேலையை விட்டாள்; தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. வீட்டில் அமைதி கூடக் கூட அவள் காது கூர்மையானது. மாத்திரை போட்டால் விழித்தபடியே தள்ளாடினாள்.

ஒரு மதியம் திரைச்சீலைத் துணி வாங்கக் காரில் போனபோது, ஆற்றோரத்துப் புதுத் தார்ச்சாலையில் அவள் தலை சாய்ந்தது. பம்பரம் துணிக்கடையில் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தான். பாலம் வந்தது. கான்கிரீட் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கிய அடி நேராக முதுகுத்தண்டுக்கு வந்தது. கண் விழித்தாள்.

“தூங்கினேனா?”

“தூங்கின. பாலம் வர்ற வரைக்கும்.”

“ஒரு வீடு. மாடி ஏறிட்டிருந்தேன். மேல யாரோ துணி உலர்த்திட்டிருந்தாங்க. யாருன்னு பாக்கறதுக்குள்ள தூக்கிப் போட்டுடுச்சு.”

அதன்பிறகு மதிய வேளைகளில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். ஓடும் வண்டியில் யாரும் தன்னைக் கூப்பிட முடியாது என்று அவள் உடம்பு நம்பியது போலிருந்தது. வண்டி நின்றால் மட்டும் போதும், சிக்னலில் கூட, அவள் கை சட்டென்று காதுக்குப் போகும். அப்படி விழித்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால் சிக்னல் இல்லாத சாலைகளைத் தேடிப் பிடித்தான். அந்தச் சாலைகளில் பள்ளங்கள் இருந்தன. அவள் கனவுகள் எல்லாம் பாதியில் அறுந்தன. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏணி. ஏறுவதற்குள் ஒரு குழி. பழைய வகுப்பறை, மணி அடிப்பதற்குள் ஒரு மேடு. மாடியில் துணி உலர்த்துவது யார் என்று பம்பரத்துக்கே அரிப்பெடுத்தது. வேலை நேரத்தில் சுழலும் சக்கரத்தின் நடுவே அந்த மாடி தெரிந்தது. ஈரத்துணி ஆடியது, முகம் தெரியவில்லை.

இருக்கைக்கு மெத்தை வாங்கினான். கழுத்துக்குத் தலையணை வாங்கினான். ஸ்பிரிங்கை மாற்றினான். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தான். டயர்கள் ஒன்றுமே நடக்காதது போல விறைப்பாக நின்றன. அடி குறையவில்லை, வளைவில் மட்டும் வண்டி இடுப்பை ஆட்டியது. செய்யக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் காரியம். வெட்கத்தோடு மறுபடி நிரப்பினான்.

“மாமா, வண்டியில இருக்கிற எல்லாத்தையும் மாத்திட்டீங்க. அந்த நாலு கல்லை மட்டும் கழட்ட மாட்டேங்கறீங்க” என்றான் மச்சான்.

“கல்லு இல்லடா. அந்தச் சுவருதான் தாங்குது.”

“தாங்குது, சரி. அக்காவைத் தூங்க விடுதா?”

“வழியில காத்து போச்சுன்னா? நின்னுடும்டா. நின்னா முழிச்சிடுவா.”

“போனா என்னைக் கூப்பிடுங்க. நான் எதுக்கு இருக்கேன், உங்க வீட்டுச் சோத்துப் பானையைக் காலி பண்றதுக்கு மட்டுமா?”

நிற்கவே நிற்காத டயர் தூங்கவிடவில்லை. தூங்கவிடும் டயர் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். இதையே உருட்டிக்கொண்டு பல நாள் போனது.

ஒரு மாலை அவள் சொன்னாள்: “இன்னைக்கு மாடியில அந்த ஆளோட முதுகைப் பாத்தேங்க. இன்னும் கொஞ்ச நேரம் கிடைச்சிருந்தா திரும்பியிருப்பாங்க.”

மறுநாள் கடையில் தன் காரையே மேடையில் ஏற்றினான். ரன்-ஃபிளாட் விளிம்பை விட்டு வர மறுத்தது, இயந்திரம் முனகியது.

“என்ன பம்பரம், வர்றவன் தலையிலெல்லாம் கட்டிட்டு நீ மட்டும் கழட்டறியா?” என்றான் பக்கத்தில் பஞ்சர் பார்ப்பவன்.

“தூக்கத்துக்கு.”

“எதுக்கு?”

“உன் வேலையைப் பாரு.”

சாதா டயரில் வண்டி கொஞ்சம் சோம்பேறியானது. வளைவில் ஒருகணம் யோசித்துவிட்டுத் திரும்பியது. பழைய கூர்மை போய்விட்டதே என்று அவன் கைகளுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் பாலம் வந்தது, இணைப்புகள் காலடியில் மெத்தென்று கடந்தன, அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். வெயில் அவள் மடியில் ஏறி, தோளுக்குப் போய், பின் இருக்கையில் விழுந்தது.

“மாடியில யாருன்னு தெரிஞ்சுதா?” என்று வீட்டு வாசலில் ஆவலோடு கேட்டான்.

“அந்த வீட்டுக்கே போகலையே. கப்பல் கிளம்பிடுச்சு.”

கப்பல் நாள்கணக்கில் போனது. சாப்பிடும்போது அவள் அதைச் சொல்வாள். அவன் சோற்றில் கைவைத்தபடி கடலில் இருப்பான்.

கிடங்குகளைத் தாண்டிய வெறிச்சோடிய சாலையில் ஒரு மதியம் பின்பக்க இடது சக்கரம் சற்றுத் தாழ்வது போலிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், டயரில் காற்று இறங்குவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பழைய டயராக இருந்தால் இப்படியே வீடு போயிருக்கலாம். இதில் ஓட்டினால் ரப்பர் கிழிந்து சக்கரம் தரையில் அறையும்; அந்தச் சத்தம் போதும். நின்றாலும் விழிப்பாள்.

பிரேக்கைத் தொடவில்லை. காலை மட்டும் எடுத்தான். சாலை லேசாக மேடேறிக்கொண்டிருந்தது. வேகத்தை மேடே வாங்கிக்கொண்டது. நிரம்பிய குடத்தை இறக்கிவைப்பது போல வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்தான். எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று அவனுக்கே தெரியவில்லை. இன்ஜின் மட்டும் மெல்ல முணுமுணுத்தது. போனில் மச்சானுக்கு எழுதினான்: சத்தம் போடாம வா.

பிறகு இன்ஜினையும் அணைத்தான்.

அமைதி கார் முழுக்க ஏறியது. அவள் விரல்கள் மடியிலிருந்து எழுந்தன. கொஞ்ச தூரம் வந்து, எதற்கு வந்தோம் என்பதை மறந்தவை போல, மறுபடி மடியில் இறங்கின. மூச்சு நீளமாக வந்தது.

மச்சான் லாரியைத் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். பாதி இறங்கியிருந்த கண்ணாடி வழியே குனிந்து வாயைத் திறந்தான். பம்பரம் அவன் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தான்.

“சக்கரம் கொண்டாந்திருக்கேன். ஜாக்கி போடட்டுமா?” கிசுகிசுப்பு அவனுக்குப் பழக்கமில்லை, பாதி காற்றாகவே வந்தது.

“வேணாம்.”

“ஏன்?”

“தூங்கறா.”

“வண்டி நிக்குதே, மாமா.”

“நிக்குதுதான்.”

மச்சான் அக்காவைப் பார்த்தான். பிறகு குனிந்து பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு சரளைக்கல்லில் லாரியை நோக்கி நடந்தான். கல் குத்தும்போதெல்லாம் அவன் தோள் துள்ளியது. குரல் வரவில்லை.