கொசு அக்காவின் மூன்று சுற்று

அவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது ஓர் ஊசி முனையில். புது வேலைக்கு மருத்துவச் சான்று கேட்டிருந்தார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தின் இரண்டாம் நாற்காலியில் இடது கையை நீட்டிவிட்டு, ஊசியைப் பார்க்கத் தெம்பில்லாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். எப்போது குத்துவீர்கள் என்று கேட்டதற்கு, "குத்தி, எடுத்து, பஞ்சும் வெச்சாச்சு. எழுந்திரிங்க, அடுத்தவங்க நிக்கிறாங்க" என்று பதில் வந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர்தான் பட்டப்பெயரைச் சொன்னார்: கொசு அக்கா. கடிக்கும்போது தெரியாது, போன பிறகுதான் தெரியும்.

நாற்பத்தாறு வயது. ஒல்லியான உடம்பு. ஓரிடத்தில் நிற்க மாட்டார். உட்கார்ந்து வேலை செய்ய நிலையத்தில் ஸ்டூல் கொடுத்திருந்தார்கள். அதன் மேல் அவருடைய கைப்பை உட்கார்ந்திருக்கும். இவர் ரப்பர் பட்டையை எடுப்பார், குழாய்களின் மூடி நிறத்தைச் சரிபார்ப்பார், கதவு வரை போய் வரிசையை எட்டிப் பார்ப்பார், வந்து மறுபடி மூடி நிறத்தைச் சரிபார்ப்பார். வீட்டிலும் அதே கதைதான். பல் துலக்கிக்கொண்டே மூன்று அறைகளையும் சுற்றி வருவார். ஃபிரிட்ஜைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடுவார். கணவர் தொலைக்காட்சி பார்த்தால், அவருக்கும் திரைக்கும் நடுவில் ஒரு மணி நேரத்தில் இருபது தடவையாவது போய் வருவார்.

அப்படிப்பட்டவர், ஊசி கையில் ஏறிய அரை நிமிடம் மட்டும் அடங்கிப் போவார். மூச்சுகூட மெதுவாகும். அதிலும் கைக்குழந்தைகள் வந்தால் நிலையமே இவரைத்தான் தேடும். குழந்தையின் நரம்பு நூலை விடக் கொஞ்சம்தான் தடிமன். அழுதால் அதுவும் ஒளிந்துகொள்ளும். மற்றவர்கள் இரண்டு, மூன்று முறை குத்தித் தேடுவதை இவர் ஒரே குத்தில் முடிப்பார். செவிலியர் படிப்புக்கு இடம் கிடைக்காமல், ஓராண்டு ஆய்வுக்கூடப் பயிற்சி முடித்து இருபத்திரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்தவர். அந்த ஓராண்டுச் சான்றிதழ் வீட்டுக் கூடத்தில் கல்யாணப் படத்தை விடப் பெரிய கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. அதில் தவறென்ன? கல்யாணம் எல்லோருக்கும் நடக்கிறது.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவில் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுவதும் பயந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் உள்ள இரண்டாவது பிரேக்கை நம்பியே வாழ்கிற மனிதர். அதிர்ந்து பேச மாட்டார். நான்காவது முயற்சியில் உரிமம் வாங்கிய ஒரு மாணவி, நன்றிக்காக அவருக்கு ஒரு பெட்டி கொடுத்தாள். உள்ளே பீங்கானில் கூம்பு போன்ற ஒரு காபி டிரிப்பர், நூறு ஃபில்டர் பேப்பர், கழுத்து நீண்டு வளைந்த சின்னக் கெட்டில். வாத்தியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு எந்தப் பக்கம் ஸ்டியரிங் என்று கேட்டு மனைவியிடம் நீட்டினார்.

அக்காவுக்கு அது பிடித்துப்போனது வீட்டில் யாரும் எதிர்பார்க்காத விஷயம். பேப்பரின் ஒட்டு விளிம்பை மடித்துக் கூம்பில் பொருத்த வேண்டும். வெந்நீர் விட்டு நனைத்து, பேப்பர் வாசனை போக அந்த நீரைக் கொட்ட வேண்டும். ரவை பதத்தில் அரைத்த தூளை மூன்று கரண்டி போட்டு, நடுவில் விரலால் ஒரு குழி. முதலில் தூள் நனைகிற அளவுக்கு மட்டும் நீர். தூள் உப்பி, மூச்சு விடுவது போல் குமிழி விடும். அரை நிமிடம் சும்மா நிற்க வேண்டும். பிறகு நடுவிலிருந்து தொடங்கி, பேப்பரைத் தொடாமல், நீரை நூல் மாதிரி சுற்றிச் சுற்றி விட வேண்டும். மூன்று சுற்று. நூல் அறக்கூடாது. கீழே கோப்பையில் தெளிந்த காபி சொட்டும். மொத்தம் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் அக்கா ஓரிடத்தில் நிற்பதை வாத்தியார் கதவருகே நின்று வேடிக்கை பார்ப்பார். உன்னைக் கட்டிப்போட இத்தனை வருஷம் கழித்து ஒரு சாமான் வந்திருக்கிறது என்று கேலி செய்வார்.

எட்டு மாதம் இப்படி ஒழுங்காகப் போயிற்று. காலையில் ஆளுக்கு ஒரு கோப்பை, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. உடன் வேலை செய்பவருக்கு உடம்பு சரியில்லை என்று, அக்கா இரண்டு ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தார். அவர் இன்னும் சாப்பிடாமல் இருந்த பிற்பகல் மூன்று மணிக்கு ஐந்து மாதக் குழந்தை ஒன்று வந்தது. முழங்கை மடிப்பில் நரம்பைத் தடவிக் கண்டுபிடித்தார். ஊசியை அருகே கொண்டுபோகும்போது முனை லேசாக ஆடியது. ஒரு மயிரிழை அளவுதான். ஆனால் குழந்தையின் நரம்பே மயிரிழைதான். குத்தினார், ரத்தம் வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. கடைசியில் பக்கத்து நாற்காலிக்காரி, முப்பது வயது, வாய்த்துடுக்கு அதிகம், அவள்தான் வந்து எடுத்துக் கொடுத்தாள். "கொசுவுக்கே கொசுவத்தி காட்டிட்டாங்க போல" என்று சிரித்தாள். அவள் எல்லோரையும் அப்படித்தான் சொல்வாள். அக்காவும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு நடந்து போகிற வழி முழுக்க வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கெட்டிலைச் சாய்த்தபோது நூல் அறுந்தது. முதல் சுற்று சரியாக வந்தது. இரண்டாவது சுற்றில் நீர் சொட்டுச் சொட்டாக விழுந்து, தூளில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் விழுந்தன. அக்கா அதைப் பார்த்தபடி நின்றார். நேற்றைய குழந்தைக்கு நேர்ந்தது அசதியால் இல்லை, கையே போய்விட்டது என்று அந்தக் குழிகள் சொல்வதாக அவருக்குப் பட்டது. இந்த வேலையில் கை போனால் எல்லாம் போச்சு. முதலில் குழந்தைகளை அவரிடமிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் வயதானவர்களை, அப்புறம் முன்னறையில் சீட்டு எழுத உட்கார வைப்பார்கள். நாள் முழுக்க உட்கார வேண்டும்.

இன்னொரு பேப்பரை எடுத்தார். இந்த முறை மூன்று சுற்றும் அறாமல் வந்தது. நிம்மதியாக வேலைக்குப் போனார்.

அன்றிலிருந்து அது ஒரு சட்டமாகிவிட்டது. நூல் அறாமல் மூன்று சுற்று வந்தால்தான் செருப்பு மாட்டுவது. வராவிட்டால் புதுப் பேப்பர், புதுத் தூள், மறுபடி முதலிலிருந்து. யாரிடமும் சொல்லவில்லை. சரி, அறுந்துபோன காபியை என்ன செய்வது? கொட்ட மனம் வராது. பாலில் ஈ விழுந்தால்கூட ஈயை எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கிற வீட்டில் வளர்ந்தவர். நடந்துகொண்டே குடித்துவிடுவார். ஒரு கோப்பை இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. மாலை வந்ததும் கை எப்படி இருக்கிறதென்று பார்க்க இன்னொன்று.

கை நாளுக்கு நாள் மோசமாகத்தான் போயிற்று. ஏழு மணிக்கு நிலையத்தில் நிற்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல இருக்கும். பெரியவர்களுக்கு எடுப்பதில் சிக்கல் இல்லை. அந்தக் கை நரம்புகள் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் ரத்தம் கொடுக்கும். குழந்தை அழும் குரல் வாசலில் கேட்டால் மட்டும் அக்காவுக்குப் பின்னறையில் ஏதாவது வேலை வந்துவிடும். பஞ்சு தீர்ந்துபோயிற்று என்பார், மூடி தவறாக வந்திருக்கிறது என்பார். ஒருநாள் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வெளியே குழந்தையின் அழுகை அடங்கும் வரை எண்ணிக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பத்து. அதுவரை யாருடைய குழந்தையையும் அவர் அவ்வளவு நேரம் அழ விட்டதில்லை.

வாத்தியாருக்குத் தெரிந்தது ஒரு கடையில். ஃபில்டர் பேப்பர் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வாருங்கள் என்று அக்கா சொல்லியிருந்தார். கடைக்காரர் நூறு பேப்பர் கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஏதாவது ஹோட்டல் ஆரம்பிச்சிருக்கீங்களா, போன கட்டு வாங்கிப் பதினாறு நாள்தானே ஆச்சு என்று கேட்டார். வாத்தியார் வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் குப்பைக் கூடையைத் திறந்தார். ஈரக் கூம்புகள், ஒன்றின் மேல் ஒன்று. அன்றைக்கு மட்டும் ஏழு. அவற்றில் அவர் குடித்தது ஒன்று.

அக்கா அப்போது மூன்றாவது முறையாக ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் உக்காரு."

"சொல்லுங்க, நின்னுட்டே கேக்கறேன்."

"உக்காரும்மா. கை எத்தனை நாளா நடுங்குது?"

அக்கா துணியைக் கீழே போடவில்லை. யார் சொன்னது, பக்கத்து நாற்காலிக்காரியா என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. நடுங்குற கையப் பாக்குறதுதானே என் பொழப்பு. ஸ்டியரிங்ல கை வெக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுடும். உன்னோடது மட்டும் ஏன்னு தெரியாம இருந்துச்சு. நீயே சொல்லுவேன்னு விட்டேன்."

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். வியாழக்கிழமை, தூளில் விழுந்த குழிகள், மூன்று சுற்றுச் சட்டம், கழிவறையில் எண்ணிய இருநூற்றுப் பத்து வரை. வாத்தியார் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் நிலையத்துக்கு யாராவது வந்து, தினமும் ஆறேழு கோப்பை கடுங்காபி குடிக்கிறேன், கை நடுங்குகிறது என்று சொன்னால் நீ என்ன சொல்வாய்?

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. காபி குடித்ததால் நடுக்கமில்லை, நடுக்கம் வந்ததால்தான் காபி போட்டேன் என்று சண்டை பிடித்தார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். ரத்தம் எடுக்கும் முன், காபி குடித்தீர்களா என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் கேட்கிற வாய் அது. தன் கையைச் சோதிக்கிறேன் என்று, சோதனையையே குடித்துக் குடித்துக் கையைக் கெடுத்துக்கொண்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "மூணாவது வகுப்புப் பிள்ளைக்கு இருக்குற மூளைகூட எனக்கு இல்லையே" என்றார். வாத்தியார் அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. டிரிப்பரைக் கழுவி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினார்.

மறுநாள் காபியே இல்லாமல் வேலைக்குப் போனார். ஒன்பது மணிக்கெல்லாம் மண்டை பிளந்தது. கை அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை நாளாக ஏற்றியது ஒரே நாளில் இறங்குமா? அந்த நேரம் பார்த்து அதே ஐந்து மாதக் குழந்தை மறு பரிசோதனைக்கு வந்தது. அம்மா நேராக அக்காவிடம் வந்து, போன தடவை சரியாக அமையவில்லை, இருந்தாலும் நீங்களே எடுங்கள், உங்களைப் பற்றி எல்லோரும் நல்லவிதமாகச் சொல்கிறார்கள் என்று குழந்தையை நீட்டினாள்.

பின்னறைக்குப் போக இரண்டு அடி எடுத்து வைத்தவர் நின்றார். தட்டின் மேல் கையை நீட்டிப் பார்த்தார். பக்கத்து நாற்காலிக்காரியும் அந்தக் கையைப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள்.

"எனக்கு இன்னிக்குக் கை சரியில்லம்மா. நடுங்குது. இந்தப் பொண்ணு எடுப்பா, நான் பிள்ளையப் பிடிச்சுக்கறேன்."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்ன மிகக் கஷ்டமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரி கேலியை விட்டுவிட்டு ஊசியை எடுத்தாள். அவளுக்குமே அது புதிது. அக்கா குழந்தையின் தோளையும் முழங்கையையும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். பிடிக்கும்போது கை நடுங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே குத்தில் ரத்தம் வந்தது.

செய்தி பத்து நிமிடத்தில் பொறுப்பு டாக்டரிடம் போயிற்று. அவர் கூப்பிட்டு விசாரித்தார். அக்கா காபிக் கதையை ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தண்ணீர் குடித்தார். பிறகு, மூன்று வாரம் குழந்தைகள் வேண்டாம், பெரியவர்களை மட்டும் பார், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். வேறு மருத்துவரிடம் கையைக் காட்டவும் எழுதிக் கொடுத்தார். அந்த மருத்துவர் பரிசோதித்துவிட்டு, பெரும்பகுதி காபிதான், கொஞ்சம் வயதும் இருக்கலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அந்த 'எவ்வளவு' என்ற சொல் அக்காவை அதற்குப் பிறகு விடவே இல்லை. மூன்று வாரமும் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தே தரையைத் தேய்த்தார். பேனாவைப் பிடித்துக் கோடு போட்டுப் பார்த்தார், ஊசியில் நூல் கோத்துப் பார்த்தார். சோதனை பண்ணாதே என்று வாத்தியார் சொல்ல, நான் எங்கே பண்ணினேன் என்று நூலைப் பின்னால் மறைத்தார்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. கொசு அக்கா அதே நிலையத்தில் இருக்கிறார். காலை ஏழிலிருந்து பத்து வரை குழந்தைகளுக்கு அவர்தான் எடுக்கிறார். பத்து மணிக்கு மேல் கை கொஞ்சம் தளர்வதால் அதன் பிறகு வரும் குழந்தைகள் பக்கத்து நாற்காலிக்குப் போகிறார்கள். மாதம் நான்கைந்து நாள் காலையிலேயே கை சரியில்லை என்று அவரே சொல்லிவிடுவார். வீட்டில் காலையில் ஒரு கோப்பைதான் காபி, அதை வாத்தியார்தான் போடுகிறார். அவர் ஊற்றும்போது நூல் இரண்டாவது சுற்றிலேயே அறுந்துவிடும். அக்கா பல் துலக்கிக்கொண்டே வந்து பார்ப்பார், அப்படியே அடுத்த அறைக்குப் போவார்.