பிரிக்பீல்ட்ஸில் திரும்பி வந்த வைஃபை

போன வருடம், பள்ளி விடுமுறை முடிந்த வாரம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் என் தோழி டியூஷன் சென்டர் நடத்துகிறாள். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் அன்று மின்தடை என்பதால், அவளிடம் சாவி வாங்கிக்கொண்டு காலையிலேயே ரயிலேறி அங்கே வந்துவிட்டேன். அன்று எனக்கு ஆன்லைனில் வேலைத் தேர்வு. மகள் பிறந்ததும் வேலையை விட்டவளுக்குப் பல வருடம் கழித்து வந்த முதல் அழைப்பு. லேப்டாப்பில்தான் எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

திறந்தால், அது தன்பாட்டுக்கு அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. முடிந்து திரை வந்தபோது வைஃபை குறியையே காணோம். அணைத்துப் போட்டேன். ம்ஹூம். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டும் அதன் கண்ணில் படவில்லை. இணைக்கும் கேபிளோ வீட்டில். தேர்வுக்கு அரை மணி நேரம்கூட இல்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இருந்த சாப்பாட்டுக் கடைக்கு ஓடினேன். பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை உண்டா என்று கல்லாவில் இருந்த அங்கிளிடம் கேட்டேன். இன்னும் திறந்திருக்காது என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் தேர்வாச்சே என்று புலம்பினேன்.

அருகே நுரை ததும்பும் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள். என் வயதுதான் இருக்கும். மேசையோரம் வெள்ளைக் கைத்தடி சாய்ந்திருந்தது. பார்வையில்லாதவள். நடந்ததைச் சொன்னேன். போனில் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர் பிரச்சினைகளைத் தீர்த்து வைப்பதுதான் தன் வேலை என்றாள்.

"மவுஸ தொடாதீங்க அக்கா. நான் சொல்ற கீய மட்டும் அமுக்குங்க. வர்றத சத்தமா படிங்க."

விண்டோஸ் கீயோடு எக்ஸ், பிறகு எம். வரிசையாகப் பெயர்கள் வந்தன. ஒன்றொன்றாகப் படித்தேன். வயர்லெஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் சின்ன மஞ்சள் முக்கோணம்.

"ஆ, அதான்லா! அப்டேட்ல வந்த புது டிரைவர் சாஃப்ட்வேர் ஒத்துக்கல. பழசுக்கே போயிடுவோம்."

எந்தப் பட்டனுக்குப் பிறகு எது வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். இதற்குள் அவளை அழைத்துப் போக வந்த கார் வெளியே ஹார்ன் அடித்தது. அவள் போனை எடுத்து, கொஞ்சம் காத்திருங்கள் பாஸ் என்று கார் ஓட்டுநரிடம் மலாயில் சொல்லிவிட்டு, "அடுத்து என்ன எழுதியிருக்கு?" என்றாள். 'ரோல் பேக் டிரைவர்' என்று படித்தேன். அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூலையில் வைஃபை குறி மெல்லத் தலைகாட்டியது.

"வந்துருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் ரொட்டி போடுகிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நன்றி சொல்வதற்குள், போய் எழுதுங்க என்று விரட்டிவிட்டுக் காருக்குக் கிளம்பினாள். மூச்சிரைக்க மாடியேறி உட்கார்ந்தபோது தேர்வுப் பக்கம் திறந்துகொண்டிருந்தது.

அந்த வேலையில்தான் இன்று இருக்கிறேன். இப்போதெல்லாம் எது கெட்டுப்போனாலும் பதறிப்போய் எதையாவது அமுக்குவதில்லை. எதிரே இருப்பதை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன், பாதிப் பயம் அதிலேயே விலகிவிடுகிறது.