கிணற்றோர வேம்பின் வளைவு

எங்கள் வீட்டு வாசல்நிலைக்கு மேலே வளைந்த மெல்லிய பலகை ஒன்று தொங்குகிறது. இரண்டு முழ நீளம். அரிவாளினும் தளர்ந்த வளைவு. உட்புறத்தில் உளியால் கீறிய மூன்று கோடுகள். வருவோர் அதை ஏரின் உறுப்பு என்பர். பல்லக்கின் துண்டு என்றாரும் உண்டு. பாப்பிரெட்டிப்பட்டியில் அதை மரக்கலம் கட்ட வளைவு அளக்கும் அச்சு என்று எவரும் ஊகித்ததில்லை.

கொண்டுவந்தவர் ஓர் ஓடாவி. கலம் கட்டும் தச்சருக்குக் கடற்கரையில் அதுதான் பெயர் என்பதை அவரிடமே அறிந்தேன். நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் ஆண்டு அது. அப்பா மரம் அறுக்கும் ஆலை நடத்திவந்தார். ஆலையில் அடுக்கியிருந்த நேரான மரங்களை ஓடாவி ஏறெடுத்தும் பாராமல், வரப்போரங்களில் கோணிநின்ற வேம்புகளில் அந்தப் பலகையைப் பொருத்திப் பார்த்துத் திரிந்தார். “கூனு உழுந்த பொண்ணாப் பாத்துக் கட்டிக்கப் போறாருங்க” என்று ஆலையாட்கள் சிரித்தார்கள். “ஆமாப்பா, நேரா நிக்கிறவள எங்க வூட்ல எவனும் கட்டுறதில்ல” என்றார் அவர்.

நேரான மரத்தையே வளைவாக வெட்டிக்கொண்டால் என்ன என்று கேட்டேன். வெட்டினால் நார் அறுந்து, அலை அடிக்கையில் அங்கேதான் ஒடியும். தானாக வளைந்த மரத்தில் நாரும் சேர்ந்தே வளைந்திருக்கும் என்று விளக்கினார். அவர்கள் குடும்பத்தில் வரைபடம் என்பதே இல்லையாம். பாட்டனார் செதுக்கிய அச்சுப் பலகைகளே ஏடுகள். அண்ணனும் அண்ணன் மக்களும் ஆற்றங்கரையில் கட்டிவந்த கலத்துக்கு, முன்முகத்தில் ஒரு சோடி வங்கு, அதாவது விலா எலும்பு, மட்டுமே குறை. அவை அமையாமல் பலகை தைக்க முடியாது; ஐப்பசி வெள்ளத்துக்குமுன் தைக்காவிட்டால் திறந்த கூட்டை ஆறு கொண்டுபோய்விடும்.

பதினோராம் நாள் ஒரு கிணற்றின் இருபுறமும் எதிரெதிராய்ச் சாய்ந்து எழுந்த இரண்டு வேம்புகளைக் கண்டார். உரியவர் இசைந்தார். மரங்கள் ஆலைக்கு வந்தன. ஓடாவி லாரி பேசத் தொப்பூர் போனார்.

அப்பா தொழிலில் பிழை பொறாதவர். தம் ஆலையிலிருந்து கோணல் மரம் வெளியேறுவதா என்று மனம் உறுத்த, உதவி செய்வதாகவே எண்ணி, ஒன்றை நேராக அறுத்துச் சதுரித்துவிட்டார். ஓடாவி திரும்பியபோது இரண்டாவது மரம் வாளின்முன் கிடந்தது.

அவர் ஏசவில்லை. அறுத்த மரத்தின்மேல் அச்சை ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு எஞ்சியதைப் புரட்டி அதன் பருமனைச் சாணால் அளந்தார். பக்கவாட்டில் கிடத்தி நடுவே பிளந்தால் அதிலேயே இரட்டையர்போல இரு வங்குகளும் கிடைக்கும். உள்ளே பொந்தோ பெருங்கணுவோ இருந்தால் இரண்டும் போகும்.

அப்பா பின்வாங்கினார். “வேணாமுங்க மேஸ்திரி. ஒன்னக் கெடுத்தது பத்தாதா? இதையும் என் கையாலயே கெடுக்கச் சொல்றீங்களா?”

“கெடுத்த கைக்குத்தான் மொதலாளி பயம் இருக்கும். பயந்த கை அவசரப்படாது. நீங்களே அறுங்க.”

முற்பகல் முழுதும் அப்பா அறுத்தார். சாணுக்கொரு முறை வாளை நிறுத்திக் காது கொடுத்தார். பாதி வழியில் ஓசை தடித்தது. முட்டியளவு கணு ஒன்று, வாளுக்கு ஒரு விரல் தள்ளியே இருந்தது. மரம் இரண்டாய்த் திறந்தபோது, விரித்த இரு கைகள்போல வளைவுகள் ஒத்திருந்தன. ஓடாவி அச்சை ஒன்றின்மேல் வைத்தார். திருப்பி மற்றதன்மேல் வைத்தார். இரண்டிலும் அது படிந்தது.

ஐப்பசிக்குமுன் கலம் மிதந்தது. பார்க்கப் போனோம். நம் மரம் எங்கே என்று அப்பா தேடினார். வங்குகள் பலகைக்குள் மறைந்திருந்தன. ஓடாவி அவர் கையைப் பற்றி முன்முகத்தில் ஓரிடத்தில் வைத்தார். அண்ணன் மகன் புது அச்சு எடுத்துவிட்டதாகச் சொல்லி, பழையதைத் தந்தனுப்பினார்.

நேராகிப்போன அந்த வேம்புதான் எங்கள் வாசல்நிலை. அப்பா இன்று இல்லை. சென்ற மாதம் கதவுக்குக் கீல் மாற்றவந்த தச்சர், தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு வியந்தார்.

“ஒரு நூல் பிசகலீங்களே. யாருங்க அறுத்தது?”

“எங்கப்பாங்க. தப்பா அறுத்தது.”

அவர் என்னையும் நிலையையும் மாறிமாறிப் பார்த்தார். பின்பு நிமிர்ந்து, மேலே தொங்கும் வளைந்த பலகையைக் காட்டி, “அது என்னங்க?” என்றார்.