அம்மன் சொன்ன பள்ளிக்கூடம்

என் மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று நாங்கள் அம்மனிடம்தான் கேட்டோம். சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போவதானாலும், தண்ணீருக்குப் போர் போடுவதானாலும், புதுத் தறி இறக்குவதானாலும் பூக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார் பூசாரி. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இதைக்கூடக் கேட்காமல் செய்தால் அம்மன் என்ன நினைப்பாள் என்றார் என் வீட்டுக்காரர். அம்மன் என்ன நினைப்பாள் என்பதில் அவருக்கு இருக்கும் அக்கறை, நான் என்ன நினைப்பேன் என்பதில் எப்போதும் இருந்ததில்லை.

நாங்கள் இருப்பது இளம்பிள்ளை என்கிற ஊரில். அவர் விசைத்தறி ஓட்டுகிறார். நான் ஒரு சேலைக் கடையில் செல்போன் கேமராவுக்கு முன்னால் நின்று, முந்தானை, பார்டர், பிளவுஸ் துணி என்று விரித்துக் காட்டித் தொண்டை வறள விற்கிறேன். ஊருக்கு வெளியே மஞ்சள் பஸ் விடுகிற இங்கிலீஷ் மீடியம் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே பணம் கட்டிச் சேர்க்க எங்களால் ஆகாது. ஆனால் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அக்கம்பக்கத்தில் இருந்தால் நாலில் ஒரு பங்கு இடத்தை அவர்களுக்குச் சும்மா கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கேட்பவர்கள் கூடிவிட்டால் குலுக்கல். தெருவில் அந்த பஸ் போகும்போதெல்லாம் என் மகள் டிரைவருக்குக் கை காட்டுவாள், அவரும் ஹாரன் அடிப்பார். அவளைப் பொறுத்தவரை அவள் ஏற்கெனவே சேர்ந்தாகிவிட்டது.

என் தங்கை கல்யாணமாகி அமெரிக்காவில் இருக்கிறாள். அவளுடைய பையனுக்கும் இதே வயது. அங்கே என்ன கவலை, ரோடு மாதிரியே பள்ளிக்கூடமும் பளபளவென்று இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன கதை வேறு. அங்கே வீட்டு விலாசம்தான் பள்ளிக்கூடத்தை முடிவு செய்யுமாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தால் எல்லோரும் ஆசைப்படுகிற பள்ளி, இந்தப் பக்கம் குடியிருந்தால் யாரும் விரும்பாத பள்ளி. அந்தப் பக்கத்து வாடகை வாய்விட்டுச் சொல்ல முடியாத வாடகை என்பதால் இவர்கள் இந்தப் பக்கம். எந்த விலாசத்துக்காரரும் பணம் கட்டாமல் சேரக்கூடிய இன்னொரு வகைப் பள்ளியும் ஊரில் உண்டாம், ஆனால் அதற்குக் குலுக்கல். அமெரிக்காவிலும் குலுக்கல் என்று கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை வீடியோ காலில் மறைப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

எனக்கும் சேர்த்துப் பூக் கேள் அக்கா என்றாள். கடல் தாண்டின காரியத்துக்கு இங்கே வாக்குக் கேட்டதில்லையே என்று பூசாரி முதலில் இழுத்தார். போனில் தங்கை பக்தியாகக் கும்பிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும், அங்கே இப்போது ராத்திரியா பகலா என்று மட்டும் விசாரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். என் மகள்தான் பொட்டலம் எடுத்தாள். தங்கைக்கு வெள்ளை. மஞ்சள் பஸ் பள்ளியைக் கேட்ட எங்களுக்கும் வெள்ளை. வீட்டுக்காரர் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு, திரும்பும் வழியில் ஸ்கூல் பையும் வாங்கிவிட்டார்.

இலவச இடத்துக்கு இணையத்தில் பதிய வேண்டும். பதிந்துகொடுத்த பெண், பக்கத்தில் இருக்கிற வேறு பள்ளிகளையும் சேர்த்துப் போடலாம், ஒன்றில் தவறினால் இன்னொன்றில் கிடைக்கும் என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மனே சொன்ன பிறகு இரண்டாவதாக ஒரு பள்ளியைப் போட்டால், உன் பேச்சில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி ஆகாதா?

"ஒண்ணே போதுமுங்க" என்றார் அவர். நானும் பலமாகத் தலையாட்டினேன்.

குலுக்கல் நாளன்று அந்தப் பள்ளியின் முற்றத்தில் கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம். சீட்டுகளை மடித்துப் பிளாஸ்டிக் வாளியில் போட்டிருந்தார்கள். சீட்டு எடுக்க ஒரு சின்னக் குழந்தை வரட்டும் என்று முதல்வர் சொல்லி முடிப்பதற்குள் என் மகள் வாளிக்குப் பக்கத்தில் நின்றாள். கோயிலில் பழகின வேலை, வேறு யார் செய்வார்கள்? அவள் பெயரும் வாளிக்குள் இருக்கிறதே, அது எப்படி நியாயம் என்று நாலு பேர் எழுந்தார்கள். நான் விடுவேனா? எழுத்தே தெரியாத குழந்தை எதைப் பார்த்து எடுக்கும், வேண்டுமானால் கண்ணைக் கட்டுங்கள் என்று சேலை விற்கிற அதே தொண்டையில் வாதாடி ஜெயித்தேன். எல்லாம் அம்மன் போட்டுவைத்த திட்டம் என்று எனக்குள் ஒரே பூரிப்பு.

ஒவ்வொரு சீட்டாக எடுத்தாள். யார் யார் பெயரோ வந்தது. கடைசி இடத்துக்கு அவள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினாள். வந்த பெயர் அடுத்த தெருப் பெண்ணுடையது. எல்லோரும் கைதட்டினார்கள், என் மகளும் தட்டினாள். நானே எடுத்தேன் அம்மா என்று ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். அவள் கையாலேயே அவள் இடம் போனது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? அந்த அடுத்த தெருப் பெண்ணின் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கக்கூட என்னால் முடியவில்லை.

அதே வாரத்தில் தங்கைக்கு அங்கே இடம் கிடைத்தது. தெருவிலேயே இருந்து செவ்வாயும் வெள்ளியும் விளக்குப் போடுகிறவளை விட்டுவிட்டு, அம்மன் கடல் தாண்டிப் போய் இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கொஞ்ச நாள் கோயிலைத் தாண்டும்போது நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நீ திரும்பாததை அவள் பார்த்துக்கொண்டா இருக்கிறாள் என்று வீட்டுக்காரர் கேலி செய்தார்.

கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று தங்கையைக் கேட்டேன். வேறு வழியில்லை, விலாசத்துப் பள்ளிதான் என்றாள். அது உள்ளே எப்படி இருக்கும் என்றேன்.

"உள்ள போயிப் பாத்ததில்லீக்கா. எல்லாரும் நல்லா இல்லைங்கறாங்க."

பெற்ற பிள்ளையை அனுப்ப வேண்டிய இடத்தைப் போய்ப் பார்க்கக்கூட உனக்கு நேரமில்லையா என்று திட்ட ஆரம்பித்தவள், பாதியில் வாயை மூடிக்கொண்டேன். நான் வேலைக்குப் போகிற வழியில்தான் எங்கள் ஊர் அரசுப் பள்ளி இருக்கிறது. அதன் சுவரை ஒட்டித் தினமும் நடக்கிறேன். நானும் ஒருநாள்கூட உள்ளே போனதில்லை.

பள்ளி திறந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றாம் வகுப்பு டீச்சர் வேகமாக வந்து எனக்கு நாற்காலி போட்டார். இலவச இடத்துக்கு அலைந்த கதையையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டு, உங்கள் குலுக்கல் எப்போது என்று கிண்டலாகக் கேட்டேன். வருகிறவர்களுக்கெல்லாம் இடம் இருக்கிறது என்று சிரித்தார். வகுப்பைச் சுற்றிக் காட்டினார். சுத்தமாக இருந்தது. சுவரில் பிள்ளைகள் வரைந்த யானைகளுக்கு ஊதா நிறம். பாதி பெஞ்சு காலியாகக் கிடந்தது. என் மகள் அதற்குள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் பென்சில் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கொஞ்சம் இளகியது. அதோடு கிளம்பியிருக்கலாம், ஆனால் என் வாய் சும்மா இருக்காது.

"உங்க புள்ள எங்கீங்க டீச்சர் படிக்கிது?"

அவர் மேசைமேல் இருந்த சாக்பீஸை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

"நீங்க குலுக்கலுக்குப் போனீங்கல்ல, அதே பள்ளிக்கூடத்துலதானுங்க. பணம் கட்டிப் படிக்கிறா."

பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது, அதனாலேயே வலித்தது. அவர் அவசரமாக, உங்கள் பிள்ளையை என் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

"பாத்துக்க நான் இருக்கறனுங்க. உங்க புள்ளைக்கு அங்க என்ன சொல்லிக்குடுக்கறாங்களோ, அத எம் புள்ளைக்கு இங்க சொல்லிக்குடுங்க. அது போதுமுங்க."

டீச்சர் என் மகள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போய், அவள் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, என்ன பெயர் சாமி என்று செல்லமாகக் கேட்டார்.