வெயிலில் ஒரு படைப்பு

சார் எடுத்த அந்தப் புகைப்படத்தில் வாழையிலை பளபளக்கிறது. இலைக்கு முன்னால் ஓர் ஓலைப்பேழை. அதற்குள் இறந்துபோன மூத்தவர்களுக்காக வைத்த வெள்ளைச் சேலை. முற்றத்து வெயில் சேலை மடிப்பில் விழுகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் வெளிச்சத்தைப் புகழ்கிறார்கள். நான் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

சார் எங்கள் கல்லூரியில் வரலாற்றுத் துறைத் தலைவர். நான் அவருக்குக் கீழே ஆசிரியை. விடுமுறை வந்தால் கேமராவோடு காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கிளம்பிவிடுவார். வீட்டுப் பெண்களிடம் பேசுவதற்கு நானும் கூடப் போவேன். இடிபடப்போகும் வீடுகள்தாம் அவருக்கு விருப்பம். நன்றாக இருக்கும் வீட்டை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

கொத்தமங்கலத்தில் ஒரு வீட்டை விற்கப் பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதித்திருந்தார்கள், ஓர் ஆச்சியைத் தவிர. பிள்ளையில்லை, கணவரும் போய்விட்டார். அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருந்தார். வருஷத்துக்கு ஒரு நாள், இருட்டிய பிறகு, மூத்தவர்களுக்குப் படைப்பது அங்கேதான். அவர்கள் தேடி வரும்போது வீடு இருக்க வேண்டாமா என்பதே ஆச்சியின் ஒரே வாதம். பங்காளிகளுக்கும் உள்ளூரப் பயம் உண்டு, அதனால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

சாருக்கு அந்தப் படைப்பைப் படமெடுக்க வேண்டும், ஆனால் இருட்டில் எடுக்கப் பிடிக்கவில்லை. பகலில் முற்றத்தில் ஒருமுறை படைத்துக் காட்டச் சொன்னார். "நாளில்லாத நாள்ல கூப்புட்டா அவுக சங்கடப்பட மாட்டாகளா?" என்று ஆச்சி தயங்கினார். வீடே போனாலும் வரலாற்றில் நிற்கும் என்று சார் தேனொழுகப் பேசினார். ஆச்சி தலைக்குக் குளித்து, சமைத்து, பேழையை இறக்கினார்.

சென்னைக் கண்காட்சியில் அந்தப் படத்தைப் பார்த்த பங்காளி ஒருவர் மறுவாரமே காரில் வந்து இறங்கினார். ஆச்சிக்கு ஒரு பிரதி கொடுக்க நானும் அன்று போயிருந்தேன். பங்காளி குரலைக்கூட உயர்த்தவில்லை.

"படத்துக்காக நாளும் பாக்காம நேரமும் பாக்காம படைச்சிருக்கீக ஆச்சி. அப்ப மெட்ராஸ்ல எங்க ஃபிளாட்ல வச்சுப் படைச்சா மட்டும் வரமாட்டாகளா?"

ஆச்சி அவர் நீட்டிய விற்பனைப் பத்திரத்தை வாங்கினார். கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆத்திரத்தோடு சாரிடம் போய்ச் சொன்னேன். என்றைக்கு இடிக்கிறார்கள் என்று கேட்டார்.

இடித்த அன்று ஆச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சார் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி நில்லுங்க ஆச்சி, மறைக்குது" என்றார். ஆச்சி தள்ளி நின்றார்.

இப்போது அவருடைய படங்களில் அதிகம் பேசப்படுவது அன்று எடுத்ததுதான். மனித வாடையே இல்லாத அந்த வெறுமையை என்னமாய்ப் பிடித்திருக்கிறார் என்று வியக்கிறார்கள்.