ஒன்பது மோட்டாரும் ஒரே நொடியில்

1. பத்தாவது நொடி

காலை ஒன்பது மணி பத்து நொடிக்கு, என் வாழ்நாளிலேயே மிகத் துல்லியமான வேலை ஒன்று நடந்தது. பதினோராவது நொடியில் டிரான்ஸ்பார்மர் பியூஸ் போனது.

போனில் பேச்சியம்மாள். பனவடலிசத்திரம் பக்கத்தில் ஒரு ஏக்கர் வைத்துத் தனி ஆளாக வெள்ளாமை செய்கிறவள். கணவருக்குக் கேரளாவில் வேலை.

"யக்கா, என்னத்த மாட்டிவிட்டிய? கரண்டு வந்துச்சு, பத்து எண்ணுதேன், எல்லா மோட்டாரும் ஒண்ணா உறுமுச்சு. அங்கன படீர்னு ஒரு சத்தம். அவ்ளோதான்!"

"ஒங்க மோட்டாருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"மோட்டாரு கெடக்கட்டும். நேத்துத்தான் மொளகா நாத்து நட்டிருக்கேன். உயிர்த்தண்ணி இன்னைக்கு விட்டாகணும். நாளைக்கும் தண்ணி இல்லன்னா அம்புட்டும் போச்சு யக்கா."

நான் சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் இருபது வருடத்துக்கு மேலாக டைமரும் கவுண்டரும் செய்து விற்கிறவள். தறி ஓட்டத்தை எண்ணும் கவுண்டர், குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு டைமர், ஆலயச் சுவருக்கு டிஜிட்டல் கடிகாரம் என்று என் மேஜையில் பிறந்தவை ஏராளம். புதிதாகச் சாலிடரிங் அயர்ன் பிடிக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து, "நீங்க பண்ணினதுலயே பெரிய தப்பு எது மேடம்?" என்று கேட்பார்கள். எல்லாரும் பதிலாக ஒரு ஷார்ட் சர்க்யூட்டை எதிர்பார்க்கிறார்கள். என் பெரிய தப்பில் ஷார்ட் சர்க்யூட்டே கிடையாது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்ததுதான் தப்பு.

2. ரோஷம்

எங்கள் பக்கம் தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வரும். அது வந்ததும் தானாக மோட்டாரைப் போட்டுவிட ஒரு சின்னப் பெட்டி உண்டு. கரண்டு வந்த அதே நொடியில் மோட்டாரைப் போடக் கூடாது. வோல்டேஜ் கொஞ்சம் நிதானப்பட வேண்டும். அதனால் பெட்டிக்குள் பத்து நொடி காத்திருக்க ஒரு டைமர். அந்த டிரான்ஸ்பார்மரில் இருந்த ஒன்பது தோட்டங்களிலும் என் பெட்டிதான். உள்ளே 555 ஐ.சி., ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். நொடியை அளக்கிற அந்தக் கெப்பாசிட்டரின் குணம் தெரியும்தானே? மேலே ஒரு அளவு எழுதியிருக்கும், உள்ளே ஒரு அளவு இருக்கும். வெயிலில் ஒரு மாதிரி, மழையில் ஒரு மாதிரி. நான் பத்து நொடி என்று செய்தால் ஒரு தோட்டத்தில் எட்டில் எடுக்கும், இன்னொன்றில் பதின்மூன்றில் எடுக்கும். வருடக்கணக்காக யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

சுடலைமுத்து அண்ணாச்சி சொன்னார். அங்கே பெரிய விவசாயி அவர்தான். பத்து எச்.பி. மோட்டார், டிரான்ஸ்பார்மருக்கு அடுத்த கிணறு. கடைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா ரூபி, அந்தக் கடைசித் தோட்டத்துப் பேச்சியம்மா மோட்டாரு எட்டு எண்ணுததுக்குள்ள எடுக்கு. எனக்குப் பதிமூணு. ஆளு பாத்துப் பெட்டி செய்யுதியோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. டிப்ளமா படித்தவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா? ஒரே வாரத்தில் ஒன்பது பெட்டியிலும் புது போர்டு போட்டேன். குவார்ட்ஸ் கிரிஸ்டல், அதன் துடிப்பை எண்ண ஒரு பைனரி கவுண்டர். கவுண்டரின் கால்கள் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று மடங்கு மடங்காகப் போகும். எந்தெந்தக் காலில் டயோடு வைக்கிறோமோ அவற்றின் கூட்டல்தான் நொடி. எட்டிலும் இரண்டிலும் வைத்தேன். பத்து நொடி என்றால் பத்தே நொடி. மேஜையில் ஒன்பதையும் வரிசையாக வைத்து ஸ்விட்ச் போட்டேன். மோட்டாரைப் போட்டுவிடுகிற ரிலே ஒன்பதும் சேர்ந்து ஒரே "டக்". அந்தச் சத்தத்தைக் கேட்க எவ்வளவு ஆனந்தமாக இருந்தது தெரியுமா? வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில்கூடப் போட்டேன்.

ஒன்பது மோட்டாரும் ஒரே சமயத்தில் எடுத்தால் டிரான்ஸ்பார்மர் என்ன ஆகும் என்று ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. ஓடுகிற மோட்டாரைவிட, புறப்படுகிற மோட்டார் பல மடங்கு கரண்டு இழுக்கும். இது பாடப்புத்தகத்தின் முதல் சில பக்கங்களிலேயே இருக்கிறது.

3. வால் தோட்டம்

மத்தியானம் லைன்மேன் பியூஸ் போட்டார்; அதற்குள் அன்றைய மும்முனை நேரம் முடிந்திருந்தது. போன் வந்ததுமே அங்கே போய் நின்ற என்னிடம், கம்பத்திலிருந்து இறங்கியதும் நேரே வந்தார்.

"யக்கா, கோவிச்சுக்கிடாதிய. பழைய பெட்டி முன்னபின்ன எடுத்துக்கிட்டு நல்லாத்தான் கெடந்துச்சு. இன்னொரு மட்டம் இப்பிடி இழுத்துச்சுன்னா டிரான்ஸ்பார்மருக்குள்ள காயிலே எரிஞ்சுபோயிரும். வேற டிரான்ஸ்பார்மரு வர பத்து பதினஞ்சு நாளாவும், பாத்துக்கிடுங்க."

"ஆளுக்கு எட்டு நொடி தள்ளித் தள்ளி வச்சுருதேன். போதுமா?"

"போதும். ஆனா வால்ல கெடக்க மோட்டார மொதல்ல எடுக்க விடுங்க. எல்லாம் ஓட ஆரம்பிச்சுட்டா அங்கன வோல்டேஜ் இருக்காது. ஸ்டார்டரு பிடிக்காது."

வால் என்றால் லைனின் கடைசித் தோட்டம், அதாவது பேச்சியம்மாளுடையது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் ஒரு சீக்குக் கெப்பாசிட்டர் எட்டு நொடியிலேயே அவள் மோட்டாரை எடுத்துவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் பிடுங்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அங்கேயே கேஸ் அடுப்பில் சாலிடரிங் அயர்னைச் சுட வைத்து, பெட்டி பெட்டியாகத் திறந்தேன். பேச்சியம்மாளுக்கு எட்டு, அடுத்தவருக்குப் பதினாறு, இருபத்துநான்கு என்று எட்டுத் தோட்டம் முடிந்தது. ஒன்பதாவது அண்ணாச்சி. பெரிய மோட்டார், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கம். அவர் எப்போது எடுத்தாலும் அவருக்கு வோல்டேஜ் உண்டு. அவருக்கு எழுபத்திரண்டு.

அவர் மோட்டார் ரூம் சாவியை மடியில் சொருகிக்கொண்டு நின்றார்.

"டிரான்ஸ்பார்மருக்கு எடம் விட்டது எங்க அய்யா. ஊரெல்லாம் எடுத்த பெறகு நான் கடைசியா? சோலியப் பாத்துட்டுப் போம்மா."

"அண்ணாச்சி, ஒரு நிமிசந்தான் வித்தியாசம்."

"ஒரு நிமிசந்தானே? அப்ப அவ கடைசியா எடுக்கட்டும்."

எனக்கு நன்றாகக் கோபம் வந்தது.

4. மீட்டரில் தெரிந்தது

மறுநாள் எட்டரைக்கே அங்கே போய்விட்டேன். நாற்று தலை சாய்ந்து கிடந்தது. பேச்சியம்மாள் வரப்பில் உட்கார்ந்து ஓரத்து நாற்றை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அண்ணாச்சியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். இன்று ஒருநாள் பெட்டியை ஆஃப் செய்து மோட்டார் ரூமில் மகனை நிறுத்திவிட்டு, என்னோடு பேச்சியம்மாள் தோட்டத்துக்கு வர வேண்டும்.

"வாரேன். வந்து என்னத்தப் பாக்கணும்?"

"இதப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்று மல்டிமீட்டரை அவர் கையில் கொடுத்தேன்.

ஒன்பதுக்குக் கரண்டு வந்தது. மீட்டரில் நானூற்றுப் பத்து வோல்ட். எட்டாவது நொடியில் பேச்சியம்மாளின் மோட்டார் எடுத்தது. குழாயில் தண்ணீர் கொப்பளித்ததும் அவள் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு ஓடினாள். பிறகு எட்டு நொடிக்கு ஒரு தோட்டம் எடுக்க எடுக்க, மீட்டரில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் முந்நூற்று ஐம்பது. அண்ணாச்சி கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப மகனுக்குப் போன் போட்டு ஒங்க மோட்டாரக் கையால போடச் சொல்லுங்க."

போட்டார்கள். முந்நூற்று இருபது. நான் பேச்சியம்மாளின் மோட்டாரை நிறுத்தினேன்.

"யக்கா! என்ன காரியம் பண்ணுதிய!" என்று வாய்க்காலிலிருந்து அலறல்.

"அண்ணாச்சி, அந்தப் பச்சப் பட்டன அமுக்குங்க."

அமுக்கினார். ஸ்டார்டர் கடகடவென்று அடித்துக்கொண்டது, பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினார், அதே கடகட. மூன்றாவது தடவை பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றார். வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டதை அங்கிருந்தே பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"ஏலே, நம்ம மோட்டார நிப்பாட்டு. ஏன் என்னன்னு கேக்காத, நிப்பாட்டுலே."

எண் மறுபடி முந்நூற்று ஐம்பதுக்கு மேல் ஏறியது. பட்டனை அமுக்கினார். பிடித்துக்கொண்டது.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி தன் மோட்டார் ரூமுக்குள் போய், பெட்டியின் மூடியைத் தானே கழற்றினார்.

"எனக்கு எத்தன செகண்டு வைக்கப் போற?"

"எழுபத்திரெண்டு அண்ணாச்சி."

"காணாது. தொண்ணூறு வை."

"எதுக்கு?"

"அவ மோட்டாரு ஒரு நாளு தானா எடுக்கல, வச்சுக்க. அந்தப் புள்ள வயக்காட்டுல இருந்து ஓடிவந்து கையால அமுக்கணும்லா? ஓடி வர நேரம் வேண்டாமா?"

நான் ஒன்பது போர்டு செய்தவள். கிரிஸ்டல் போட்டவள். ஒருத்தி வாய்க்காலிலிருந்து ஓடி வர எத்தனை நொடி ஆகும் என்பது என் கணக்கில் இல்லவே இல்லை. அறுபத்துநான்கு, பதினாறு, எட்டு, இரண்டு: நாலு டயோடு. நாலையும் சாலிடர் செய்துவிட்டு இருமுறை கூட்டிப் பார்த்தேன்.

நாற்று பிழைத்தது. ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் போனது. பேச்சியம்மாள் அதை இன்னமும் சொல்லிக் காட்டுவாள், மிளகாய் கொண்டுவந்து தரும்போதெல்லாம்.

இப்போது யாராவது மோட்டார் டைமர் கேட்டு வந்தால், எத்தனை எச்.பி. என்பதை இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். முதலில், "ஒங்க லைன்ல கடைசித் தோட்டம் யாருது?" என்று கேட்கிறேன். தெரியாது என்றால், போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.