மாப்பிள்ளை வைத்த டைமிங்

நம் வாசலில் நின்ற பச்சை வண்டி உங்களுக்கு நினைவிருக்கும். மிலிட்டரி ஏலத்தில் வந்த பழைய பெட்ரோல் லாரி அது, சின்னது. தொண்ணூறுகளில் அந்த மாதிரி வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் டீசல் எஞ்சின் மாற்றிப்போட்டார்கள். நான் மட்டும் மாற்றவில்லை. பெட்ரோல் எஞ்சின் சரியாக இருந்தால் ஓடுகிற சத்தமே தெரியாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். அதற்கு ஒரே வாரத்தில் நன்றாகப் பட்டேன்.

வண்டிக்கு ஒரே வேலைதான். சைசிங் மில்லில், தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, பீம் என்கிற பெரிய உருளையில் சுற்றித் தருவார்கள். காலை ஏழு மணிக்கு அதை ஏற்றினால் எட்டரைக்குள் சோமனூர்த் தறிகளுக்கு இறக்கிவிட வேண்டும். பாவு வரவில்லை என்றால் தறி நிற்கும், தறி ஓட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிறு தவிர தினமும் லோடு. நம் வீட்டில் அடுப்பு எரிந்ததும் நீங்கள் பள்ளிக்கூடம் போனதும் அந்த ஒரு லோடை நம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுமுடியிலிருந்து உங்கள் அத்தையும் அவளைக் கட்டியவரும் வந்தார்கள். உங்களுக்கு மாமா, எனக்கு மாப்பிள்ளை. நல்ல மனிதர்தான். ஆனால் எஞ்சின் என்று எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. சாப்பிட்டுக் கை கழுவியவர் நேராக வண்டியிடம் போனார்.

“ஏனுங்க மச்சான், வண்டி இருமுதே?”

“காலைல மட்டுந்தானுங்க மாப்பிள்ளை. சூடானா செரியாயிரும்.”

“அதெல்லாம் டைமிங்குங்க. அஞ்சு நிமிசம், வெச்சுக் குடுத்தர்றேன்.”

டைமிங் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அமுங்கும்போது பிளக்கில் ஒரு பொறி விழும். அது எந்த நேரத்தில் விழ வேண்டும் என்ற கணக்குத்தான் டைமிங். பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டு அனுப்புகிற உருண்டைக்கு எங்கள் வாயில் டிஸ்டிபூட்டர் என்று பேர். அதை ஒரு பக்கம் திருப்பினால் பொறி முந்தும், மறுபக்கம் திருப்பினால் பிந்தும்.

மாப்பிள்ளை எஞ்சினை ஓடவிட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு அந்த உருண்டையைத் திருப்பினார். சத்தம் ஏறியது, இனித்தது. உங்கள் அம்மா கூட வெளியே வந்து, “அட, புது வண்டியாட்டமிருக்குதுங்க” என்றாள். மோட்டார் ரூமுக்கு அடித்தது போக மீந்த மஞ்சள் பெயின்ட் இருந்தது. அவர் அதை எடுத்து, டிஸ்டிபூட்டரும் எஞ்சினும் சேருகிற இடத்தில் ஒரு கோடு இழுத்தார். “இந்தக் கோடு அசையக் கூடாதுங்க மச்சான். மறுபடி வரும்போது பாப்பேன்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை பீம் ஏற்றிக்கொண்டு முதல் மேட்டில் ஏறும்போதே தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம்தான் கூடியது, வண்டி இழுக்கவில்லை. ரேடியேட்டர் கொதித்து, ரெண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, போய்ச் சேரும்போது மணி பத்து. பீமை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது பூனை மாதிரி வருகிறது! கோளாறை எங்கே என்று தேடுவது? செவ்வாய்க்கிழமையும் அதே கதைதான். தறிக்காரர் ஒருவர், “என்னங்க, பாவு நடந்தா வருது?” என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மில் மேனேஜரிடம், “நாளைக்குச் செரியாயிருமுங்க” என்றேன்.

அன்று மத்தியானமே உக்கடத்துக்கு ஓட்டிப்போனேன். அங்கே பட்டறை வைத்திருந்த பாய் பெட்ரோல் எஞ்சின் என்றால் கெட்டிக்காரர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு பானெட்டைத் தூக்கினார். மஞ்சள் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“இது யாருங்ண்ணா போட்டது?”

“மாப்பிள்ளை வெச்சதுங்க பாய். அதை மட்டும் தொட வேண்டாம். மத்ததெல்லாம் பாருங்க.”

பாய் விரலை எடுத்துக்கொண்டார். “மாப்பிள்ளைங்களா! எங்க ஊட்டுல மாப்பிள்ளை வந்தா கோழியே தானா நடந்து வந்து சட்டில உக்காந்துக்குமுங்க. தொடலீங்ண்ணா” என்றார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? அதற்கு முந்தின வருஷம் ஒரு விசேஷத்தில், பத்துப் பேர் நடுவில், “டயர்ல காத்துக் கம்மியா இருக்குதுங்க மாப்பிள்ளை, பாத்துப் போங்க” என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். தனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று சபையில் சொல்லிவிட்டேனாம். இலையில் உட்காராமலே கிளம்பிவிட்டார். ஆறு மாதம் உங்கள் அத்தை நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. மறுபடி அவர் வந்த முதல் ஞாயிறு அதுதான். அவர் போட்ட கோட்டை அழிக்க எனக்குத் தைரியமில்லை.

பாய் பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். பெட்ரோல் பைப்பை ஊதினார். ரேடியேட்டரில் அடைப்பு உண்டா என்று பார்த்தார். மஞ்சள் கோடு இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், டிஸ்டிபூட்டர் மூடியை மட்டும் திறக்கவில்லை. காலி வண்டியை ஓட்டிப் பார்த்தோம், அருமையாக ஓடியது. புதன்கிழமை பீம் ஏற்றினேன், மறுபடி டப்பாவுக்குள் கல். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, முன் சக்கரத்தை ஓங்கி ஒரு உதை உதைத்தேன். கால்தான் வலித்தது. மேனேஜர், “இந்த வாரம் பாக்கறேனுங்க” என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், “நாளைக்கு வந்துருமுங்க” என்றுதான் சொன்னேன்.

வியாழக்கிழமை பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. பேட்டரியும் இறங்கிவிட்டது. முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் செருகி எஞ்சினைக் கையால் சுற்றினேன். எஞ்சின் ஹேண்டிலைத் திருப்பி அடித்தது. மணிக்கட்டில் சரியான அடி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. வந்த டெம்போக்காரர் ஒருவர் பீம்களை மாற்றி ஏற்றிக்கொண்டு போனார். ரோட்டில் போனவர்கள் தள்ளிவிட்டதில் காலி வண்டி கிளம்பியது. நான் ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து உக்கடம் போய்ச் சேர்ந்தேன்.

பாய் வண்டியைப் பார்க்கவில்லை, வீங்கின என் கையைப் பார்த்தார். “ஹேண்டில் உதைச்சுதுங்களா? அப்பப் பொறி ரொம்ப முந்தி விழுவுதுங்ண்ணா. பிஸ்டன் மேலே வந்து சேர்றதுக்குள்ள வெடிச்சுக் கீழே தள்ளுது. லோடு ஏத்துனா டொக்குடொக்குங்கறதும் அதேதான். காலியா ஓடறப்பச் சத்தம் இனிக்குமுங்க. காதை மட்டும் நம்புனா ஏமாந்து போயிருவோம்.”

“இது மொத நாளே தெரியுமுங்களா?”

“கோட்டைப் பாத்தப்பவே சந்தேகந்தானுங்க. நீங்க மாப்பிள்ளைன்னுட்டீங்க. குடும்ப விஷயத்துல நான் எப்படிங்க ஸ்பேனர் போடறது?”

எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அந்த மனுஷன் நான் சொன்னதைத்தானே கேட்டார்.

“தொடுங்க பாய். என்ன வேணாலும் பண்ணுங்க” என்றேன்.

முதல் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, என்னை இடது கையால் எஞ்சினை மெல்லச் சுற்றச் சொன்னார். உள்ளே காற்று அமுங்கி விரலைத் தள்ளியதும் எஞ்சினின் முகப்பில் சுற்றுகிற சின்னச் சக்கரத்தின் குறியைக் கவனித்தார். டிஸ்டிபூட்டரில் ஒரு சின்ன பல்பை மாட்டினார். பொறி விழுகிற நேரத்தில் அந்த பல்பு எரியும். குறி வந்து சேர இன்னும் நிறையத் தூரம் இருக்கும்போதே எரிந்துவிட்டது. ரெண்டு நூல் அளவு, அதாவது கால் அங்குலம், பின்னால் திருப்பினார். அவ்வளவுதான் வேலை. நாலு நாள் பாடு!

பிறகு மஞ்சள் பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு மஞ்சள் டப்பாவைக் கொண்டுவந்து, புது இடத்தில் அதே மாதிரி கோடு இழுத்தார். “மாப்பிள்ளை மனசு நோகக் கூடாதுங்களே” என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் நாலு எஞ்சின் பிளாக்கை இரவல் வாங்கி ஏற்றி, மேம்பாலத்தில் ஓட்டினோம். ஒரு டொக்குக் கூட இல்லை.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கே மில் வாசலில் நின்றேன். நான் நிறுத்துகிற இடத்தில் வேறொரு வண்டி நின்றது. பீம் ஏறிக்கொண்டிருந்தது.

மேனேஜர் வெளியே வந்தார். “தப்பா நெனச்சுக்காதீங்க. மொத நாளே வண்டி செரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நாலு நாளைக்கு வேற வண்டி வெச்சுட்டு மறுபடி உங்களையே கூப்பிட்டிருப்பேனுங்க. தினமும் வந்துரும் வந்துரும்னீங்க. தறிக்காரங்களுக்கு நான் பதில் சொல்லி மாளலீங்க. இவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்.”

ஆயிரம் சொல்ல வேண்டும் போல இருந்தது. மாப்பிள்ளை, மஞ்சள் கோடு, டயர்க் காற்று, எல்லாம். அவருக்கு அது எதற்கு?

“நியாயந்தானுங்க” என்றேன்.

இந்த வாய் எப்போதும் இப்படித்தான். யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது.

மறுபடி ஒரு நிலையான லோடு கிடைக்க ஏழு மாதம் ஆனது. அந்த வருஷம் உங்களுக்குத் தீபாவளித் துணி ஏன் பொங்கலுக்கு வந்தது என்று நீங்கள் கேட்டீர்கள், நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். காரணம் இதுதான்.

அன்று காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். மேட்டில் ஏறும்போது எஞ்சின் சத்தமே தெரியவில்லை. அது அத்தனை நன்றாக ஓட ஓட எனக்கு எரிச்சல்தான் கூடிக்கொண்டு வந்தது.